பல குடோன்களிலிருந்து பிரித்து அனுப்புதல் (கொங்கு நாடு)

பிரித்து அனுப்புதல் என்பது ஒரே ஆர்டரில் கேட்ட சரக்கை ஒன்றுக்கு மேற்பட்ட குடோன்களிலிருந்து தனித்தனிப் பார்சல்களாக அனுப்பும் வணிக முறை. எது எந்தக் குடோனிலிருந்து போக வேண்டும் என்பதை முன்பு டெஸ்பாட்ச் கிளார்க் முடிவு செய்தார். இன்று பல நிறுவனங்களில் ஆர்டர் மேலாண்மை மென்பொருள் முடிவு செய்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இம்முறையை வடிவமைத்ததில் கணினிக்கு உள்ள பங்கைவிட வங்கி விதிகளுக்கும் வரிச் சட்டத்துக்கும் உள்ள பங்கு பெரியது.

பார்சல் ஆபீஸ் காலம்

சென்னை–பேப்பூர் இருப்புப்பாதை 1862-ல் போத்தனூர் வழியாக முழுமை பெற்றது. ராபர்ட் ஸ்டேன்ஸின் நூற்பாலை 1888-ல் கோவையில் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின; பம்ப்செட், மோட்டார் தொழில்களும் தலையெடுத்தன. பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் (ஏ.பி.டி.) பின்னாளில் பார்சல் சேவையிலும் இறங்கியது. ஒரு லாரி நிறையாத சரக்கையும் தனி எல்.ஆர். (லாரி ரசீது) போட்டு அனுப்ப வழி கிடைத்த பிறகே பிரித்து அனுப்புவது சாதாரண வியாபாரிக்குக் கட்டுப்படியானது. இருப்பதை அனுப்பிவிட்டு மீதியை ஆர்டர் புத்தகத்தில் ‘பேலன்ஸ்’ என்று எழுதி வைப்பார்கள். அந்தப் புத்தகம்தான் இத்துறையின் முதல் மென்பொருள் என்று சொன்னால் மிகையாகாது.

எல்லாச் சரக்கையும் பிரிக்கவும் முடியாது. ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு விவசாயி கேட்கும் செட்டில் பம்ப், மோட்டார், கேபிள், பேனல் போர்டு, குழாய் எல்லாம் அடங்கும். நான்கு வந்து கேபிள் மட்டும் வராவிட்டால், கிணற்றில் இறக்க வந்த ஆட்களும் வண்டியும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கூலியை மட்டும் கொடுத்தாக வேண்டும். பனியன் பெட்டியும் அப்படித்தான். சின்ன அளவு ஒன்று, நடு அளவு இரண்டு, பெரிய அளவு இரண்டு என்று விகிதம் வைத்துக் கட்டிய பெட்டியில் ஒரு அளவு குறைந்தாலும் கடைக்காரர் ஏற்கத் தயங்குவார். ‘முழுதாக மட்டும் அனுப்பு’ என்று ஆர்டரிலேயே குறிக்க மென்பொருளில் இடம் இருப்பது இதற்காகத்தான். விற்பவர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

திருப்பூரும் வங்கிக் கடிதமும்

திருப்பூரின் நேரடி ஏற்றுமதி 1978-ல் இத்தாலிய வாங்குநர் ஒருவரோடு தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். ஏற்றுமதியில் பிரிப்பதற்கான அனுமதியை வங்கியின் எல்.சி. (கடன் உறுதிக் கடிதம்) தீர்மானிக்கிறது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யு.சி.பி. 600 விதித்தொகுப்பின் 31-ஆம் பிரிவுப்படி, எல்.சி.யில் தடை எழுதாதவரை பகுதி பகுதியாக அனுப்பலாம். தடை இருந்தாலும் ஒரு வழி உண்டு. இரண்டு யூனிட்டுகளில் தைத்து, இரண்டு குடோன்களிலிருந்து இரண்டு லாரிகளில் தூத்துக்குடி போய்ச் சேர்ந்த சரக்கு ஒரே கப்பலில், ஒரே பயணத்தில், ஒரே துறைமுகத்துக்குப் போனால், ஆவணங்கள் இரண்டாக இருந்தாலும் அது பகுதி அனுப்புதல் ஆகாது. சரக்கு எங்கே பிரிகிறது என்பதைவிட எங்கே ஒன்றுசேர்கிறது என்பதைப் பார்க்கும் விதி இது.

வாளையாறு கற்பித்தது

1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டம் மாநிலம் தாண்டிய விற்பனைக்குத் தனி வரி விதித்தது. அதன் விகிதம் 2007-ல் 4 சதவீதத்திலிருந்து 3 ஆகவும், 2008-ல் 2 ஆகவும் குறைந்தது. ஆனால் வாங்கியவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியவில்லை. சொந்தக் கிளைக்குச் சரக்கு மாற்றினால் அந்த வரி இருக்கவில்லை. அதற்கு அத்தாட்சியாக எஃப் படிவம் காட்ட வேண்டியிருந்தது, 2002 முதல் அது கட்டாயமானது. ஆகவே வெளி மாநிலங்களில் விற்ற கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்தன.

இதில் ஒரு விநோதம் உண்டு. பாலக்காடு கோவையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் பாலக்காட்டு டீலர் கேட்ட பேனல் போர்டு அதைப்போல மூன்று மடங்கு தூரத்தில் இருக்கும் எர்ணாகுளம் டிப்போவிலிருந்து போவதே வரிக்கணக்கில் லாபமாக இருந்தது. மாநில எல்லையில் இருந்த வாளையாறு சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்த லாரிகள் அந்தக் கணக்கை இன்னும் அழுத்தமாக்கின. அன்றைய மென்பொருளில் ‘மாநிலத்துக்குள் உள்ள குடோனே முதலில்’ என்று விதி எழுதியவர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது, வணிக வரிச் சாவடிகள் மூடப்பட்டன. மாநிலம் தாண்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடிந்ததால், அருகில் உள்ள குடோன் முதன்முறையாக அருகில் உள்ள குடோனாகவே ஆனது. தானியங்கிப் பிரிப்புக்குப் பொருள் வந்தது அதற்குப் பிறகுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

காகிதம் மட்டும் குறையவில்லை. இரண்டு மாநிலக் குடோன்களிலிருந்து சரக்கு போனால் இரண்டு ஜி.எஸ்.டி. எண்கள், இரண்டு பில்கள். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலும் இ-வே பில் வேண்டும். பில் போடும் இடம் வேறு, சரக்கு கிளம்பும் இடம் வேறு என்றால் அதைத் தனியே குறிக்க அந்தப் படிவத்தில் வசதி உண்டு. ஒன்றரை லட்ச ரூபாய் ஆர்டர் 75,000 வீதம் இரண்டு பில்லாகிவிட்டால் மாநிலத்துக்குள் இ-வே பில்லே தேவைப்படாது. மென்பொருள் நல்ல நோக்கத்தோடு பிரித்ததா, ஆள் வேறு நோக்கத்தோடு பிரித்தாரா என்று வரித்துறையின் பறக்கும் படை கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. நூற்பு இயந்திரம்போல் கழற்றிப் பல லாரிகளில் போகும் சரக்குக்கு மத்திய ஜி.எஸ்.டி. விதி 55(5) தனி வழி வகுத்திருக்கிறது: முதல் லாரி கிளம்பும் முன் முழு பில், அடுத்தடுத்த லாரிகளோடு டெலிவரி செலானும் பில்லின் சான்றிட்ட நகலும், கடைசி லாரியோடு அசல் பில்.

கணக்கு

சிகாகோவில் 1906-ல் திறந்த சியர்ஸ் அஞ்சல்வழி விற்பனைக் கட்டடத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் 15 நிமிட நேரம் ஒதுக்கி, பல பிரிவுகளிலிருந்து வரும் பொருட்களை ஒரே தொட்டியில் சேர்த்தார்கள். பிரிந்ததைச் சேர்க்கும் இந்த ஏற்பாடு ஒரு கூரைக்குள் நடந்தது. குடோன்கள் ஊர் ஊராக இருக்கும்போது, ஆர்டர் முழுவதையும் மிகக் குறைந்த குடோன்களிலிருந்து கொடுப்பது எப்படி என்ற கேள்வி எழுகிறது. 1972-ல் கணினி அறிஞர் ரிச்சர்ட் கார்ப் கடினமானவை என்று பட்டியலிட்ட 21 கணக்குகளில் இதன் மூலவடிவமும் ஒன்று. நான்கு குடோன் என்றால் 15 சேர்க்கைகள், பத்து என்றால் 1,023; கோவையின் நடுத்தர நிறுவனத்துக்கு இது ஒரு நொடி வேலை. ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவியும் இணையக் கடைகளுக்குத்தான் தலைவலி. சூ, ஆல்கர், கிரேவ்ஸ் மூவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, வாடிக்கையாளர் பொத்தானை அழுத்திய கணத்திலேயே குடோனை உறுதி செய்துவிடாமல், சரக்கை எடுக்கும் முன் மறுபடி கணக்கிட்டால் பார்சல்கள் குறையும் என்று காட்டியது. மாலை லாரி கிளம்பும்வரை பார்சலைக் கட்டாமல் வைத்திருந்த பழைய கிளார்க்குக்கு இது புதிய செய்தியாக இருந்திராது.

இன்று

சிறு வணிகர்கள் பலர் டேலியின் ‘குடோன்’ வசதியையும் டெலிவரி நோட்டையும் வைத்தே சமாளிக்கிறார்கள். ஜோஹோ இன்வென்டரி போன்றவை ஒரு விற்பனை ஆர்டரைப் பல பேக்கேஜ்களாகப் பிரிக்க இடம் தருகின்றன. 2022 ஏப்ரலில் ஓ.என்.டி.சி. எனும் திறந்த வணிக வலைப்பின்னல் சோதனை ஓட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. விற்பவரும் கொண்டு சேர்ப்பவரும் வெவ்வேறாக இருக்கலாம் என்பது அதன் அடிப்படை ஏற்பாடு. எந்த மென்பொருளானாலும் அலமாரியில் இல்லாத சரக்கு கணக்கில் இருந்தால் தவறான குடோனையே தேர்ந்தெடுக்கும். மாதாந்திர இருப்பு எண்ணிக்கையைத் தள்ளிப்போடும் நிறுவனங்கள் மென்பொருளுக்குச் செலவழிப்பது வீண்.

நீலாம்பூர், கணியூர் பக்கம் புதிதாகக் குடோன் பிடிப்பவர்கள் அதை மென்பொருளில் சேர்க்கும் முன் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். விதி 19-ன்படி இத்தகைய மாற்றத்தை 15 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும்.