ஊவாத் தோட்டங்களில் வாகனக் கொள்வனவும் நியாய விலையும்

1. ஆய்வுப் பொருளும் வரையறையும்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை ஆகிய நகரங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வாகனம் வாங்க வரும் குடும்பங்கள் கார் சேலில் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு கட்டணும்?" அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்திலேயே பேரத்தின் பெரும்பகுதி கைநழுவிப் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நியாய விலை என்பதை இக்கட்டுரை இவ்வாறு வரையறுக்கிறது: வாகனம் முழு உரிமையோடு வாங்கியவர் பெயருக்கு வரும் நாள்வரை அவர் செலுத்தும் மொத்தப் பணம், அதே வாகனத்தை அதே காலத்தில் விவரம் தெரிந்த இன்னொருவர் வாங்கினால் செலுத்தும் மொத்தத்தை மிஞ்சாமல் இருக்க வேண்டும். காரோடு முச்சக்கரவண்டியும் இவ்வாய்வில் அடங்கும். தோட்டங்களில் ஓட்டோவே குடும்பத்தின் காராகவும் ஆஸ்பத்திரி வண்டியாகவும் இளைஞரின் தொழிலாகவும் இருக்கிறது.

2. பின்புலம்

2.1 கடனின் வரலாறு

மலையகத் தமிழரின் இலங்கை வாழ்வு கடனோடு தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த செலவு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குத் 'துண்டு' என்ற கடன் பத்திரம் வேண்டியிருந்தது. கடனைத் தீர்ப்பவரிடமே தொழிலாளி ஒப்படைக்கப்பட்டார். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தன் கடனின் மொத்தம் எவ்வளவு என்பதைத் தொழிலாளியே அறியாதிருந்த நிலைதான் அந்த முறையின் ஆணிவேர். வாகனம் வாங்க இன்று செய்யும் லீசிங் ஒப்பந்தம் சட்டத்துக்கு உட்பட்டது, விரும்பிச் செய்துகொள்வது; அந்த முறையும் இதுவும் ஒன்றல்ல. ஆயினும் மொத்தத்தை அறியாமல் கையொப்பமிடும் வழக்கம் எந்தக் காலத்திலும் ஆபத்தானதே.

2.2 சந்தையின் நிலை

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புது வாகனம் வராததால் பழைய வாகனங்களின் விலை ஏறியது. கதவு திறந்த பின்னும் வரி கனத்தது: 20 வீத சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையின்மீது 50 வீத மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, இவை அனைத்தையும் சேர்த்த தொகைமீது 18 வீத பெறுமதி சேர் வரி.

இதிலிருந்து பேரத்துக்கு ஓர் அடிப்படை உண்மை கிடைக்கிறது. இறக்குமதியானபோது அரசுக்குச் செலுத்தப்பட்ட வரியை எந்த விற்பனையாளராலும் குறைக்க முடியாது. அவரோடு பேசக்கூடியவை விற்பனை இலாபம், மேலதிகப் பொருத்துபொருட்கள், கடனின் நிபந்தனைகள், காப்புறுதி, பத்திரச் செலவுகள் ஆகியவை மட்டுமே. பேரத்தின் முழு வலுவையும் அங்கேதான் செலுத்த வேண்டும்.

3. விலையின் மூன்று அடுக்குகள்

3.1 வாகனத்தின் விலை

புது வாகனத்துக்கு முகவர் நிறுவனம் சொல்லும் விலையை எழுத்தில் பெற முடியும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியாகி, இங்கே இன்னும் பதிவு செய்யப்படாத காரையும் நம் மக்கள் 'புதுசு' என்றே வாங்குகிறார்கள். அத்தகைய காருக்கு ஜப்பானிய ஏலத்தாளைக் கேட்டுப் பெற வேண்டும். அதில் ஓடிய தூரமும் உடலில் உள்ள சேதமும் தரப்படியும் குறிக்கப்பட்டிருக்கும்.

மலைநாட்டுக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது. ஹாலிஎலவிலிருந்து பண்டாரவளைப் பக்கம் ஏறும்போது எஞ்சினின் இழுவையும், இறங்கும்போது பிரேக்கும் தெரியவரும். லயம் வரை போகும் குண்டும் குழியுமான தோட்டப் பாதைக்கு அடிப்பாகத்தின் உயரமும் போதுமா என்று பார்க்க வேண்டும். உதிரிப்பாகம் பதுளையிலோ பண்டாரவளையிலோ கிடைக்காத வாகனம் மலிவாக வந்தாலும் விலை கூடியதுதான்.

3.2 கடனின் விலை

பேரம் பெரும்பாலும் தோற்பது இந்த அடுக்கில். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 இலட்சம் ரூபாய் கடன்; குறைந்து செல்லும் மீதிக்கு ஆண்டுக்கு 18 வீத வட்டி. 48 மாதத்தில் கட்டினால் மாதம் 29,375 ரூபாய். மொத்தம் 14 இலட்சத்து 10,000. "கஷ்டமா இருக்கு, கொஞ்சம் குறைங்க" என்று கேட்டதும் அதே கடன் 60 மாதமாக நீட்டப்படுகிறது. மாதக் கட்டுக்காசு 25,393 ஆகிறது. ஏறக்குறைய 4,000 ரூபாய் குறைத்துவிட்ட மகிழ்ச்சியோடு குடும்பம் வீடு திரும்புகிறது. ஆனால் கட்டவேண்டிய மொத்தம் 15 இலட்சத்து 23,600 ஆகிவிடுகிறது. குறைத்துக் கேட்டவர் 113,600 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்.

இத்தொகையைத் தோட்டத்து அளவையில் சொல்ல வேண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதன்படி 113,600 ரூபாய் என்பது ஏறத்தாழ 84 நாட்சம்பளம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 14 நாட்சம்பளம் வழங்குகிறது. ஆறு ஆண்டுகளுக்கு அது 84 நாட்சம்பளம். மகன் வாங்கும் வாகனத்துக்குத் தாயின் ஓய்வுப் பணமும் சேமலாப நிதியும் முற்பணமாகப் போகும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டில், அந்தத் தாய் ஆறு ஆண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்ததற்கான பணிக்கொடை, கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் கரைகிறது.

வட்டியைச் சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசிவரை வட்டி போடும் நேர்கணக்கில் "12 வீதம்தான்" என்று சொல்லப்படலாம். 10 இலட்சத்துக்கு நான்கு ஆண்டில் 480,000 வட்டி, மாதம் 30,833 ரூபாய். மீதி குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் இது ஏறத்தாழ 21 வீதத்துக்குச் சமம். 12 என்று கேட்ட கடன், மேலே கண்ட 18 வீதக் கடனைவிட விலை கூடியது.

3.3 பத்திரத்தின் விலை

2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் வரும் லீசிங்கில், கடைசித் தவணை தீரும்வரை வாகனம் நிறுவனத்துக்கே உரியது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிறுவனத்தின் பெயரே இருக்கும். கடனை முன்கூட்டித் தீர்த்தால் எவ்வளவு கழிவு, தவணை தவறினால் என்ன தண்டம், பெயர் நீக்கத்துக்கு என்ன செலவு என்பவற்றையும் விலையின் பகுதியாகவே கணக்கிட வேண்டும். காப்புறுதிக்கு வெளியிலும் விலை கேட்டு ஒப்பிடலாம். பாவித்த வாகனத்தைப் பெயர் மாற்றிப் பதியாமல் 'ஓபன் பேப்பரில்' வாங்குவது, விலை எவ்வளவு குறைந்தாலும், பிறர் பெயரிலுள்ள சிக்கலை விலைக்கு வாங்குவதாகும். எம்.டி.ஏ. 6 உரிமைமாற்றப் படிவத்தில் இரு தரப்பும் முறையாகக் கையொப்பமிட்டு மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

4. பேரத்தில் நிலவும் சமனின்மை

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் எழுதிய கட்டுரை, பாவித்த கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. பொருளின் குறை விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது முழுச் சந்தையும் கெடுகிறது என்று அது விளக்கியது. இயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மன் ஆகியோர் சிக்காகோப் பகுதியின் புதுக்கார் விற்பனை நிலையங்களில் நடத்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஒரே விதமாகப் பேசப் பயிற்றப்பட்டவர்களை அனுப்பியும், வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் கூடிய விலை சொல்லப்பட்டது. வாங்குபவரைப் பற்றி விற்பவர் போடும் எடையே விலையாகிறது என்பது இதனால் தெளிவாகிறது. நம் பக்கத்திலும் கையில் உள்ள பணம், அவசரம், வாகனத்தின் மீதுள்ள ஆசை ஆகிய மூன்றையும் முதலில் வெளிக்காட்டுபவர் தம் வலுவை இழக்கிறார்.

5. பேரத்தின் ஒழுங்கு

மேற்கண்ட பகுப்பிலிருந்து ஐந்து படிகள் கிடைக்கின்றன.

முதலாவது, குறைந்தது மூன்று இடங்களில் விலையை எழுத்தில் பெறுவது. பதுளையோடு நின்றுவிடாமல் கண்டி, கொழும்பு விலையையும் கேட்பது.

இரண்டாவது, கைக்காசுக்கு வாங்குவதுபோல வாகனத்தின் விலையை மட்டும் பேசி முடிப்பது. கட்டுக்காசு பற்றிய பேச்சை அதுவரை எடுக்கக்கூடாது.

மூன்றாவது, கடனைத் தனியாக, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வெவ்வேறு நிறுவனங்களில் கேட்பது. லீசிங் நிறுவனத்தைக் காட்டிவிடும் விற்பனை நிலையத்துக்குத் தரகுப்பணம் கிடைப்பது வழக்கம் என்பதால், அது காட்டும் முதல் நிறுவனத்திலேயே நிற்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இடத்திலும் "கடைசிவரை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்பது. தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி. விளங்காத பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தவர் ஒருவரிடம் காட்டும்வரை கையொப்பமிட வேண்டாம்.

ஐந்தாவது, கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு பெறுவது. முறைப்பாடு இருந்தால் பாவனையாளர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கமும், நிதி நிறுவனம் பற்றியதாயின் மத்திய வங்கிக்கு 1935 என்ற இலக்கமும் உள்ளன.

6. முடிவுரை

சம்பளத்துக்காகக் கூட்டாகப் பேரம் பேசி வந்த சமூகம் நம்முடையது. 2021வரை தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தின் வழியே ஒவ்வொரு ரூபாய்க்கும் வாதாடின. அப்படி வென்ற சம்பளத்தைச் செலவிடும் இடத்தில் மட்டும் ஒவ்வொருவரும் தனியாளாகப் போய் நிற்கிறோம். சம்பள உயர்வில் கிடைப்பது கட்டுக்காசில் போய்விட்டால் வெற்றி பாதிதான்.

ஆகவே இவ்வாய்வு ஒரு நடைமுறையைப் பரிந்துரைக்கிறது. ஒரே தோட்டத்தில் வாகனம் வாங்க எண்ணும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து விலை கேட்கட்டும். தாம் பெற்ற விலைச்சீட்டுகளையும் வட்டி விவரங்களையும் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் வைக்கட்டும். வட்டிக் கணக்கைச் சரிபார்த்துத் தரும் பொறுப்பைத் தொழிற்சங்கக் காரியாலயமும் பாடசாலை ஆசிரியர்களும் ஏற்கட்டும். மொத்தத் தொகையை ஊரே அறிந்திருக்கும் இடத்தில் கூடிய விலை சொல்லி விற்பது எளிதல்ல.