தென்னை நார்க்கழிவு மட்குரம்

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் தூளைச் சிப்பிக்காளான் கொண்டு மட்கவைத்துப் பெறும் உரம். பொள்ளாச்சி போன்ற தென்னைப் பகுதிகளின் நார் ஆலைகளில் இத்தூள் மலைபோல் குவிகிறது. மட்காத தூளை வயலில் இட்டால் நன்மையைவிடத் தீமையே மிகுதி. அதில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112:1 என்ற விகிதத்தில் இருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும்.

தூளில் சுமார் 30 விழுக்காடு லிக்னின். பெரும்பாலான பாக்டீரியாக்களால் எளிதில் உடைக்க முடியாத இந்த மரப்பொருளை, 'புளூரோட்டஸ்' இனச் சிப்பிக்காளான் லாக்கேஸ் முதலிய நொதிகளைச் சுரந்து உடைக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறைப்படி 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி காளான் வித்தும் போதும். நிழலான இடத்தில் 100 கிலோ தூளைப் பரப்பி வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் மீண்டும் தூள், பிறகு யூரியா. இப்படி மாற்றி மாற்றி 1 மீட்டர் உயரம்வரை அடுக்கலாம். ஈரம் காயவிடக் கூடாது; காய்ந்தால் வித்து வீணாகிவிடும்.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் தூள் கருமையாகி மண்வாசம் வீசும். லிக்னின் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். கரிம–தழைச்சத்து விகிதம் 24:1 ஆகும். நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் இதன் பெருஞ்சிறப்பு. மானாவாரி நிலத்துக்கு மிகவும் ஏற்றது. தழைச்சத்து 1 விழுக்காட்டளவே உள்ளதால் பிற உரங்களை அறவே நிறுத்திவிடக் கூடாது. ஹெக்டேருக்கு 5 டன் வீதம் அடியுரமாக இடலாம்.