மூன்றாவது துளை

கொற்றலையாறு கடலோடு கலக்குமிடத்தில் வலைத்தொழிலை நம்பி வாழும் முகத்துவாரக்குப்பத்தைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு, 1970 முதல் 1975 வரை ஐந்து இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி 450 மெகாவாட்டாக வளர்ந்து, 2017 மார்ச் 31 அன்று ஓய்ந்துபோன எண்ணூர் அனல்மின் நிலையத்தின் நினைவு எழாமற் போகாது. ஆயினும் அப்பெரிய ஸ்தாபனத்தின் சரித்திரத்தைக் காட்டிலும், மின்சாரம் கடைசியில் வந்து நிற்கும் இடமாகிய சுவரின் மூன்று துளைப் பிளக் பாயிண்டின் சரித்திரமே எனக்கு விசேஷமாகத் தோன்றுகிறது.

வீட்டு மின்கம்பிகளுக்கு விதி வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது தீயின் பயத்தால். 1882இல் லண்டன் நகரத்துத் தீக்காப்பீட்டு ஸ்தாபனம் ஒன்றும், தந்திப் பொறியாளர் சங்கமும் தத்தம் விதிகளை வெளியிட்டன. 1934இல் பிரிட்டிஷார் வகுத்த உருண்டை முனைப் பிளக்கையே நாமும் ஏற்றோம். அவர்களோ 1947இல், பிளக்கினுள்ளேயே பியூஸ் வைத்த 13 ஆம்பியர் பட்டைமுனைக்கு மாறினர். பேசின் பிரிட்ஜில் மின்சாரம் உண்டாக்கிவந்த சென்னை மின்விநியோகக் கம்பெனியை அதே ஆண்டில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் வெள்ளையர் கைவிட்ட உருண்டை முனையை மட்டும் நாம் விடவில்லை. அதைக் குறையென்று நான் கருதவில்லை.

ஒரு விளக்குச் சுற்றில் விளக்கு, விசிறி, 5 ஆம்பியர் பிளக் எல்லாம் கூடிப் பத்துக்கும், சுமை 800 வாட்டுக்கும் மேற்படலாகாது என்றும், 15 ஆம்பியர் பவர் பாயிண்டுகள் தனிச்சுற்றில் இரண்டுக்கு மேல் அமையலாகாது என்றும் இந்தியத் தரவிதி வரையறுத்தது. கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்குவதற்கென மூன்றாவது துளையில் நுழையும் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீண்டிருப்பதற்குக் காரணம், செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விலகவேண்டும் என்பதே. மண்ணின் மின்தடையைக் குறைப்பதற்கென்று உள்நாட்டில் எர்த் குழியில் கரியும் உப்பும் இடுவர். முகத்துவாரத்து மணலிலோ உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் மின்சாரத்தை மண்ணுக்குள் எளிதாக இறங்கவிடும் அவ்வுப்பே, 2.5 மீட்டர் ஆழத்திற்கு இறக்கிய இரும்புக் குழாயையும் அதன் இணைப்பையும் அரித்துத் தின்னவும் செய்கிறது.

இவ்விதிகள் யாவும் சுவரும் மெயின் பலகையும் உள்ள வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தமிழ்நாட்டுக் குடிசைகளுக்கு இலவசமாகக் கிடைத்தது 40 வாட் விளக்கு ஒன்றே. பிளக் பாயிண்ட் அதில் இல்லை. பின்னர் 2006 முதல் வண்ணத் தொலைக்காட்சியும், 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவையும் இலவசமாக வந்தன. பொருளைக் கொடுத்த அரசாங்கம் அதைச் செருகும் துளையைக் கொடுக்க மறந்ததென்றே சொல்லவேண்டும். ஏனெனில், தனி பாயிண்ட் இல்லாத ஏழைகள் பல்ப் ஹோல்டரில் அடாப்டரைச் செருகி மின்சாரம் இழுப்பது நாடெங்கும் உள்ள வழக்கம், அந்த ஹோல்டரிலோ எர்த் என்பதே கிடையாது. ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடும் பெண்ணுக்கும் மரணத்துக்கும் இடையே அப்போது நிற்பது ரப்பர்ச் செருப்பு ஒன்றே.

1956ஆம் ஆண்டு மின்விதிகள், நுகர்வோர் வீட்டில் எர்த் முனை அமைத்துத் தருவதை மின்சாரம் வழங்குவோரின் கடமையாக்கின. ஆகையால் அதைக் கேட்டுப் பெறுவது யாசகமன்று. உப்புக்காற்றுப் படும் ஊர்களில் வாழும் அன்பர்கள், ஐப்பசி மழை தொடங்குமுன், எர்த் கம்பி குழாயோடு சேருமிடம் துருவேறியிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.