நூலகப் புகைப்பட மின்னாக்கம்: திட்டமும் நிதியும்

நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ உள்ள பழைய புகைப்படங்களையும் நெகட்டிவ்களையும் கணினிக் கோப்புகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதி, நெடுங்காலம் காத்துவைக்கும் பணி புகைப்பட மின்னாக்கம். ஈழத்தமிழர் இதை எண்ணிமமாக்கம் என்பார்கள். ஊரில் கேட்டால் ‘ஸ்கேன் பண்றது’. சிக்கல் இந்தக் கடைசிப் பெயரில்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்வது இந்தப் பணியில் ஒரு சிறு பகுதி. அதையே முழுவேலை என்று நினைத்துச் செலவுக் கணக்குப் போட்டால், கணினி நிறையப் படம் இருக்கும். அது யார், எந்த ஊர் என்று சொல்ல ஆள் இருக்காது.

தமிழகத்தில் புகைப்படத்தின் வரலாறு நீளமானது. லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அவர் அரசு நியமித்த புகைப்படக்காரர் என்பதால் அவருடைய படங்கள் பெரிய நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. கடைத்தெரு ஸ்டூடியோக்காரர் எடுத்தவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மறுபிரதி கேட்டு யாராவது வருவார்கள் என்று நம்பர் போட்டுப் பெட்டியில் அடுக்கிய கண்ணாடி நெகட்டிவ்கள், கடை கைமாறும்போது முதலில் வெளியே போகும். படச்சுருளில் உள்ள வெள்ளிக்கும் பழைய சரக்குச் சந்தையில் விலை உண்டு.

இந்த இழப்பைக் கண்டு 2010களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை மையமாகக் கொண்டு ஒரு முயற்சி நடந்தது. மானிடவியலாளர் ஸோயி ஹெட்லி வழிநடத்திய அந்தத் திட்டம், தமிழக ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடி மின்னாக்கியது. பணம் தந்தது பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டம். அதன் பட்டியலில் இது 737ஆம் எண். பிரிட்டிஷ் நூலகத்தின் அந்தத் திட்டம் ஆர்க்கேடியா என்ற அறக்கட்டளையின் கொடையில் 2004இல் தொடங்கியது. அதன் நிபந்தனைகள், நிதி கேட்கப்போகிற எந்த நூலகமும் படிக்க வேண்டியவை. மூலப் பொருள் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. மின்படியின் ஒரு பிரதி உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் இருக்க வேண்டும். படங்கள் ஆய்வாளர் எவரும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். புதுச்சேரி நிறுவனம் 1956இலிருந்தே கோயில்களைப் படமெடுத்து ஒரு லட்சத்துக்கும் மேலான படங்களைச் சேர்த்திருந்தது. புகைப்படத்தைப் பாதுகாக்கத் தெரிந்த இடம் என்ற பெயர், விண்ணப்பத்தில் எழுதும் எந்த வாக்குறுதியைவிடவும் கனமானது.

போடி எனப்படும் போடிநாயக்கனூர் மாதிரி ஓர் ஊருக்கு இதில் என்ன வேலை? நிறையவே உண்டு. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி வந்தது. கொல்லம் ஆண்டுக் கணக்கில் மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்லும் 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். அகலப் பாதைக்காக 2010 முடிவில் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. மறுபடி போடி வரை ரயில் ஓடியது 2023 ஜூனில்தான். இடையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஸ்டேஷனில் ரயிலைப் பார்க்காமலே பள்ளிப்படிப்பை முடித்துவிட்டார்கள். 1989 தேர்தலில் சேவல் சின்னத்தில் ஜெயலலிதா வென்ற தொகுதியும் இதுவே. ஏலக்காய் ஏலம், மலைச்சாலை, பிரசாரக் கூட்டம், கல்யாணம் என்று இத்தனைக்கும் சாட்சி, வீட்டுப் பீரோக்களிலும் கடைப் பரண்களிலும் தேட வேண்டியதுதான்.

திட்டம் ஸ்கேனரில் தொடங்கக் கூடாது. எண்ணிப் பார்ப்பதில் தொடங்க வேண்டும். எத்தனை படம், எந்த வகை, என்ன நிலை? கண்ணாடித் தகட்டைப் படுக்கவைத்து அடுக்கினால் பாரத்தில் விரிசல் விடும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். காடி வாசனை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்ட அசிட்டேட் படச்சுருள். அதற்கும் முந்தைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், தண்ணீருக்குள்ளும் எரியும். அதை நூலகக் கட்டடத்திலேயே வைக்கக் கூடாது. போடி மழைமறைவுப் பக்கம் இருக்கிறது. போடிமெட்டு மலை ஏறினால் ஈரம். ஊரில் இருந்த ஆல்பத்தை வெயில் கெடுக்கும், தோட்ட வீட்டில் இருந்ததைப் பூஞ்சை கெடுக்கும். ஈரத்தை விரட்டும் வித்தை ஏலக்காய் உலர்த்தும் ஊருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தச் சூடு நெகட்டிவுக்கு ஆகாது. ஜெலட்டின் படலம் சுருண்டு உரிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. ஹாஃப் பிளேட் எனப்படும் 4¾ அங்குலம் × 6½ அங்குலக் கண்ணாடித் தகடு ஒன்றை, அங்குலத்துக்கு 1,200 புள்ளி என்ற அளவில் 24 பிட் டிஃப் கோப்பாக்கினால் சுமார் 130 எம்பி வரும். 5,000 தகடு என்றால் 650 ஜிபிக்கு மேல். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் என்று வைத்தால் ஏறத்தாழ 2 டிபி. இன்றைய விலைக்கு இது பெரிய செலவே அல்ல. நாளைக்கு 100 தகடு எடுத்தால் 50 வேலைநாளில் படமெடுப்பும் முடிந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், இடம், ஆண்டு, யார் சொன்ன தகவல் என்று எழுத வெறும் 15 நிமிடம் என்று வையுங்கள்: 1,250 மணி நேரம். நாளைக்கு ஏழு மணி நேரம் உட்கார்ந்தாலும் 179 வேலைநாள் ஆகும். செலவுத் திட்டத்தில் சம்பளப் பகுதியே பெரிதாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். விண்ணப்பங்களில் பெரும்பாலும் கேமராவின் விலையே முதல் வரியில் நிற்கும்.

பணம் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் பொதுநூலகத்துக்குச் சட்டப்படி ஒரு ஊற்று உண்டு. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியில், சொத்துவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாக வசூலாகி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. புத்தகம், கட்டடம், சம்பளம் போக அதில் புகைப்படத்துக்கு மிஞ்சுவது அரிது. 1972இல் அமைந்த ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநிலத்தோடு பங்கிட்டு நூலகங்களுக்கு உதவுகிறது. வெளிநாட்டு நிதி பெரும்பாலும் முதலில் சிறு முன்னோட்டத்துக்குக் கிடைக்கும். எங்கே என்ன இருக்கிறது என்ற கணக்கெடுப்பை அந்தப் பணத்தில் முடித்தால் பெரிய தொகையைக் கேட்க முகம் இருக்கும். ‘நூலகம்’ என்ற ஈழத்து அமைப்பு வேறு வழி காட்டியது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்திலிருந்து, 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த மின்னூலகத்தைத் தாங்கிவருவதில் உலகெங்கும் உள்ள தமிழர்களின் சிறுசிறு நன்கொடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மானியம் ஓரிரு ஆண்டில் தீர்ந்துவிடும். சர்வர் வாடகையும் சில ஆண்டுக்கொருமுறை வட்டு மாற்றும் செலவும் தீராது. அந்தத் தொடர்செலவுக்குப் போடி மாதிரி வணிக ஊரில் உள்ளூர்க் கொடையாளர்களைத் தேடுவதே நடைமுறைக்கு ஒத்தது.

உரிமை பற்றி ஒரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். ஸ்டூடியோக்காரர் பெட்டியைத் தந்தார் என்பதற்காக நூலகம் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அதை வெளியிடலாமா என்று வீட்டாரைக் கேட்காமல் முடிவெடுப்பது முறையல்ல.

படத்தில் இருப்பவர்களின் பெயர் கேட்கப் போவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் ஜீப் ஏறி, மாலையில்தான் மலையிறங்குகிறார்கள். 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேராமல் கேரளத்தில் அமைந்ததால் படத்தில் உள்ள உறவினர்களில் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கக்கூடும். ஆகவே அலுவலக நேரத்தில் மட்டும் வேலை செய்யும் உதவியாளர் இங்கே பயன்பட மாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் படியும் மலை ஏற ஜீப் வாடகையும் செலவுத் திட்டத்தில் தனி வரியாக வர வேண்டும்.