சிறிய காரும் பெரிய கனவும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டு வரை நீங்கள் சென்றிருக்கலாம். 1931-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அப்படியானால் நம் சாலைகளுக்கு மின்சாரக் கார் வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று?

ரயிலுக்கு வேண்டிய மின்சாரம் மேலே செல்லும் கம்பியிலிருந்து கிடைக்கிறது. காரோ தனக்கு வேண்டியதைத் தானே சுமந்து செல்ல வேண்டும். கார் பெரிதானால் மின்கலமும் பெரிதாக வேண்டும். மின்கலத்தின் எடையை இழுக்க மேலும் மின்சாரம் வேண்டும். காரைச் சிறிதாக்குவதே இதற்கு எளிய வழி.

இந்த வழியில் சென்றவர் சேத்தன் மைனி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1990-இல் நடந்த சூரிய ஒளிக் கார்ப் பந்தயத்தில் வென்ற மாணவர் குழுவில் அவரும் இருந்தார். 1994-இல் பெங்களூரில் ரேவா நிறுவனம் உருவாயிற்று. 2001-இல் ரேவா கார் விற்பனைக்கு வந்தது. முன்னே பெரியவர் இருவர், பின்னே குழந்தைகள் இருவர் அமரலாம். இருக்கைக்கு அடியில் எட்டு ஈய-அமில மின்கலங்கள். 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பாருங்கள், 9.6 யூனிட். ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். ஊருக்குள் போய்வர இது போதும் அல்லவா?

குறைகளும் இருந்தன. பிரிட்டனில் இது 'ஜி-விஸ்' என்ற பெயரில் விற்பனையானது. 2007-இல் அங்கு நடந்த மோதல் சோதனைகள் அதன் பாதுகாப்பைப் பற்றிக் கவலை எழுப்பின. விற்பனையும் உலகெங்கும் சேர்த்துச் சில ஆயிரங்களைத் தாண்டவில்லை.

பெருந்தொழிலுக்குப் பெருமுதல் வேண்டும். 2010-இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் 55.2 சதவீதப் பங்கை வாங்கியது. 2013-இல் 'இ2ஓ' என்ற புதிய சிறு கார் வந்தது. பின்னர் மைனி தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2016-இல் நிறுவனத்தின் பெயரிலிருந்து 'ரேவா' என்ற சொல்லும் நீங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சிறு கார் வரிசையே நின்றுபோயிற்று. மைனியோ, தீர்ந்த மின்கலத்தை மாற்றித் தரும் வேறொரு தொழிலை 2017-இல் தொடங்கினார்.

அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. தாம்பரத்துக்குத் தெற்கே, பரனூர் ரயில் நிலையத்துக்கு அருகே மகிந்திராவின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2024 நவம்பரில் 'பிஇ 6' என்னும் மின்சாரக் காரை அந்நிறுவனம் சென்னையில் அறிமுகம் செய்தது. அதன் சிறிய மின்கலமே 59 யூனிட் கொள்ளும். ரேவாவினுடையதைப் போல ஆறு மடங்கு! தொடக்க விலை 18.90 லட்சம் ரூபாய்.

தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, ஐயமில்லை. லித்தியம் மின்கலம் ஈயத்தை வென்றுவிட்டது. ஆனால் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய சிறிய நகரக் கார் என்ற கேள்வி, அதை முதலில் கேட்டவர் விலகியதும் பின்தங்கிவிட்டது. பொறியையும் காப்புரிமையையும் விலைக்கு வாங்கலாம். 'இதை யாருக்காகச் செய்கிறோம்?' என்ற எண்ணத்தையோ, பொறுப்புக்கு வரும் ஒவ்வொருவரும் புதிதாக ஏற்க வேண்டும்.

அடுத்த முறை பரனூரைக் கடக்கும்போது நினைத்துப் பாருங்கள். நீங்கள் அமர்ந்திருக்கும் மின்சார வண்டி, எளியவரும் ஏறக்கூடிய வண்டி. சாலையிலும் அப்படி ஒன்று ஓட வேண்டாமா?