எஃகில் சிறு அயர்வு விரிசல்கள்

ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கிவிடும் சுமையையே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும்போது எஃகில் தோன்றி வளரும் பிளவு, அயர்வு விரிசல். ஒரு மில்லிமீட்டரை எட்டுமுன் அதன் போக்கே தனி. அதை அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1842 மே 8 அன்று பாரிசுக்கு அருகே எஞ்சின் அச்சு முறிந்து, ரயில் தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரும்பு நாளடைவில் படிகமாக மாறி முறிகிறது என்றே அன்று பலர் நம்பினர். மறு ஆண்டே பிரிட்டனின் இளம் பொறியாளர் ராங்கின் அதை மறுத்தார்: அச்சின் விட்டம் சட்டென மாறும் மூலையில் விரிசல் பிறந்து உள்நோக்கி வளர்கிறது என்றார். பிரஷ்ய ரயில்வேயில் ஆகஸ்ட் வோலர் 1870 வரை நடத்திய சோதனைகள், குறிப்பிட்ட தகைவுக்கு (ஓரலகுப் பரப்பின் மீதான விசைக்கு) கீழே எஃகு முறிவதில்லை என்று காட்டின. அந்தத் தாங்கு வரம்பு, விரிசலே பிறக்காத நிலை என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

1903இல் யூயிங்கும் ஹம்ஃப்ரியும் விரிசலின் பிறப்பையே நுண்ணோக்கியில் கண்டனர்: இரும்பின் மணிகள் எனப்படும் நுண்படிகங்களுக்குள், அடுக்குகள் நழுவிய கோடுகள் தோன்றி, அடர்ந்து, பிளவாயின. 1961இல் பால் பாரிஸ், விரிசல் முனையில் குவியும் தகைவின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு வளர்வேகத்தைக் கணக்கிட வழி சொன்னார். முன்னணி இதழ்கள் திருப்பியனுப்பிய அக்கட்டுரையே இன்று இத்துறையின் அடிப்படை.

ஆனால் பாரிஸ் சொன்ன அந்த விதி நீண்ட விரிசலுக்கே பொருந்தும். சிறு விரிசல் அது சொல்வதைவிட வேகமாக ஓடுவதை 1975இல் பியர்சன் அலுமினியக் கலவைகளில் கண்டார், எஃகிலும் அப்படியே. நீண்ட விரிசலின் பக்கங்கள் பின்னால் ஒன்றையொன்று தொட்டு முனையின் சுமையைக் குறைக்கும். சிறியதற்கு அந்தத் தடை இல்லை. ஒரு மணிக்குள் அது விரைந்து ஓடும். அடுத்த மணியில் படிகத் திசை வேறு என்பதால் எல்லையில் தயங்கும், சிலவேளை அங்கேயே நின்றும்விடும். கடந்துவிட்டால் மீண்டும் வேகம் பிடிக்கும். மென்னெஃகில் பெர்லைட் எனும் கடினப் பகுதிகளும் இவ்வாறு தடுக்கும். ஆக, வோலரின் வரம்பு விரிசல் இல்லாத நிலையன்று, விரிசல் தடையைத் தாண்ட முடியாத நிலை என்பதை ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் கே. ஜே. மில்லர் வலியுறுத்தினார். இத்துறையின் வரலாற்றில் இது ஒரு முக்கியமான திருத்தம். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற சுப்ரா சுரேஷ், ஆய்வாளர் ரிச்சியுடன் சேர்ந்து 1984இல் இந்த ஆய்வுகளைத் தொகுத்தளித்தார்.

தொடக்கத்திலேயே பெரிய விரிசல் இருந்தால் இந்தத் தடைகளால் பயனில்லை. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற எண்ணெய்த்துறை மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தனர். ஒரு கருவியைத் தாங்கும் தகட்டின் 6 மில்லிமீட்டர் பற்றவைப்பிலிருந்து பிளவு வளர்ந்திருந்தது. அதற்குள் பெயின்ட் படிந்திருந்ததால், கட்டும்போதே அது அங்கே இருந்தது உறுதியாயிற்று.

மிகு வலிமை எஃகில் வோலரின் வரம்பையும் முழுமையாக நம்ப முடியாது: ஒரு கோடிச் சுற்றுகளைக் கடந்த பிறகும், உள்ளே கிடக்கும் மாசுத் துகளைச் சுற்றி விரிசல் பிறந்து எஃகு முறியக்கூடும்.