குருமானின் முதிய தம்பதியர்

தென்னாப்பிரிக்காவின் குருமானில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நற்செய்திப் பணியாற்றிய ராபர்ட் மொஃபாட், மேரி தம்பதியரை இன்று நினைப்போம். நம் திருச்சபையினர் அல்லர்; ஆயினும் நமக்கும் பாடம் சொல்பவர்கள்.

ராபர்ட் வாய்க்கால் வெட்டினார், தோட்டமிட்டார், சுவானா மொழியில் விவிலியத்தைப் பெயர்த்து 1857-இல் அச்சிட்டு முடித்தார். மேரி வாரந்தோறும் சாணத்தால் தரை மெழுகினார். முதலில் முகம் சுளித்தவர்தாம்; தூசி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி ஒழிகிறது என்று பின்னர் ஊருக்கு எழுதினார். நம் பாட்டிமார் அறிந்ததுதானே!

பல ஆண்டுகள் எவரும் மனம் மாறவில்லை. அப்போதுதான், ‘என்ன அனுப்பட்டும்?’ என்று கேட்ட தோழியிடம், திருவிருந்துப் பாத்திரங்களைக் கேட்டார் மேரி. 1829-இல் முதல் விசுவாசிகள் திருமுழுக்குப் பெற்ற வேளையில் அவை வந்து சேர்ந்தன.

1862-இல், லிவிங்ஸ்டனை மணந்த மகள் மேரி, சாம்பசி ஆற்றங்கரையில் இறந்தார். பெற்றோர் பணியை விடவில்லை. 1870-இல், எழுபது வயதைக் கடந்த பின்னரே நிரந்தரமாக இங்கிலாந்து திரும்பினர். மறு ஆண்டே மேரி கண்மூடினார்.

நாமோ, பிள்ளைகள் கோவிலுக்கு வருவதில்லை என்று சோர்ந்து, செபிப்பதையும் விட்டுவிடுகிறோம். இன்னும் வராதவருக்காகவும் பாத்திரத்தை ஆயத்தமாக வைத்திருப்போம். ஆமென்.